முகவரிப் பட்டியலையும் ஒப்படையுங்கள்

திருச்சி–புதுக்கோட்டை சாலையில் இருக்கும் கீரனூரைச் சுற்றியுள்ள வறண்ட பூமிக்குக் குடிநீர் என்றால் ஏரி, ஆழ்குழாய்க் கிணறு, அதற்கு மேல் குழாய் வழியே வரும் காவிரி நீர். புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழகம் முழுவதும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் பம்புகளையும் வால்வுகளையும் இயக்கும் பொறுப்பு பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவியின் கைக்கு மாறிவருகிறது. தொட்டி நிரம்பி வழிவதும், தண்ணீரின்றி மோட்டார் ஓடிக் கருகுவதும் இதனால் குறையும் என்பதால் இதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால், கட்டுமானம், மோட்டார், குழாய் எல்லாவற்றையும் அளந்து சரிபார்த்து வாங்கிக்கொள்ளும் அரசு, இந்தக் கருவி இருக்கும் பேனலுக்குள் எந்த ஒயர் எந்த முகவரியில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலையும் அதே கண்டிப்புடன் கேட்டு வாங்க வேண்டும். அது கைக்கு வராத நிலையம் முழுதாக ஒப்படைக்கப்பட்ட நிலையம் அல்ல.

1960களின் இறுதியில் அமெரிக்கக் கார் ஆலைகளின் ரிலே பேனல்களுக்கு மாற்றாகப் பிறந்தது பி.எல்.சி. அதனுள் ஓடும் நிரலுக்குத் தொட்டியும் தெரியாது, மோட்டாரும் தெரியாது, எண்கள்தான் தெரியும். சீமென்ஸ் கருவியில் முதல் உள்ளீடு I0.0, முதல் வெளியீடு Q0.0. எட்டு எட்டாக எண்ணுவதால் I0.7க்கு அடுத்து வருவது I1.0. மிட்சுபிஷியின் எஃப்.எக்ஸ். வகையில் X7க்கு அடுத்தது X10. X8, X9 என்ற முகவரிகளே கிடையாது. ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரம் முகவரியை எழுதும் முறையை வகுத்துத் தருகிறது. ஆனால் எந்த முகவரியில் எந்தக் கருவியைச் சேர்ப்பது என்பதை நிலையத்தை அமைக்கும் பொறியாளர்தான் முடிவு செய்கிறார். அந்த முடிவு எழுத்தில் இல்லையென்றால், அவர் போனதும் அவரோடு போய்விடும்.

ஒரு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்ட சென்சாரை எடுத்துக்கொள்வோம். அது 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை கரண்ட் அனுப்புகிறது. சீமென்ஸ் அனலாக் கார்டு 4ஐ 0 என்றும் 20ஐ 27,648 என்றும் மாற்றித் தரும்; தொட்டி பாதி நிரம்பியிருந்தால் 12 மில்லிஆம்பியர், எண் 13,824. ஒயர் அறுந்தால் கரண்ட் 4க்கும் கீழே விழும். தொட்டி காலியாக இருப்பதையும் ஒயர் அறுந்திருப்பதையும் இதை வைத்தே பிரித்தறிய முடியும். பட்டியல் கையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் டெர்மினலில் மீட்டரை வைத்துக் கரண்டைப் பார்ப்பார், அதற்குரிய முகவரியில் வரும் எண்ணோடு ஒப்பிடுவார், கோளாறு சென்சாரிலா, ஒயரிலா, கார்டிலா என்று கண்டுபிடித்துவிடுவார். பட்டியல் இல்லாதவருக்கு எந்த எண்ணைப் பார்ப்பது என்பதே தெரியாது. சீமென்ஸின் எஸ்7-300 கருவியில் அனலாக் கார்டு நான்காம் ஸ்லாட்டில் இருந்தால் அதன் முகவரி இயல்பாக 256இல் தொடங்கும். ஐந்தாம் ஸ்லாட்டில் இருந்தால் 272இல் தொடங்கும். கார்டின் இடத்தை மாற்றிவிட்டு நிரலைத் திருத்தாமல் விட்டால், நிரல் பழைய இடத்திலேயே தொட்டியைத் தேடிக்கொண்டிருக்கும். கருவிகள் ஒன்றோடொன்று பேச 1979இல் வந்த மோட்பஸ் முறையில் கையேடு 40001 என்று சொல்லும் இடத்தைக் கம்பியில் 0 என்றுதான் கேட்க வேண்டும். எண்ணிக்கையில் இப்படி ஒன்று குறைவதை மறந்தால் கேட்டதற்குப் பதில் பக்கத்து அளவு வரும். அதுவும் நம்பக்கூடிய எண்ணாகவே இருந்துவிட்டால் பிழை நெடுநாள் வெளியே தெரியாது.

பட்டியலை ஒப்படைத்தால் பாதுகாப்பு கெடும் என்ற மறுப்பு வரும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலிக்விப்பா என்ற ஊரின் குடிநீர் அமைப்பிலிருந்த பி.எல்.சி. ஊடுருவப்பட்டது. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாததும், கருவி இணையத்தில் திறந்துகிடந்ததுமே காரணமாக இருக்கக்கூடும் என்று அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்பு கூறியது. ஆகவே காக்க வேண்டியது கடவுச்சொல்லையும் இணைப்பையும்தான். பட்டியலை இணையத்தில் போடச் சொல்லவில்லை. நிலையத்துக்குப் பொறுப்பானவர்களிடம் கொடுக்கச் சொல்கிறோம். நிறுவனத்தின் தொழில் ரகசியம் போய்விடும் என்பது அடுத்த மறுப்பு. மக்கள் பணத்தில் இழுத்த ஒயர் எங்கே போகிறது என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. புதிய மென்பொருளில் பெயர் வைத்தே நிரல் எழுதலாம், முகவரி எதற்கு என்றும் கேட்பார்கள். பெயர் வைத்தாலும் அந்தப் பெயர் கடைசியில் ஒரு டெர்மினலில்தான் போய் நிற்கிறது. ஆபரேட்டர்களுக்கு இதெல்லாம் புரியாது என்பவர்கள், 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனத் தொழில்நுட்ப மையங்களாக்க 2022இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தம் போட்டது எதற்காக என்று யோசிக்க வேண்டும். பி.எல்.சி. படித்து வரும் பிள்ளைகளிடம் பட்டியலே இல்லாத பேனலைக் கொடுப்பது அந்தப் படிப்பையே வீணாக்குவதாகும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் உள்ளாட்சிகளும் டெண்டர் நிபந்தனைகளில் சிலவற்றைச் சேர்த்தாலே போதும். ஒவ்வொரு டெர்மினலுக்கும் உரிய முகவரி, கருவியின் பெயர், அளவு வரம்பு ஆகியவை கொண்ட பட்டியல் தமிழில் பேனலுக்குள் இருக்க வேண்டும். நிரலின் நகலும் கடவுச்சொல்லும் பொறுப்பு அதிகாரியிடம் வர வேண்டும். அதிகாரி முன்னிலையில் ஒவ்வொரு முகவரியையும் இயக்கிக் காட்டி, பட்டியலோடு சரிபார்த்த பிறகே கடைசித் தவணைப் பணம் போக வேண்டும். பின்னாளில் யார் ஒரு ஒயரை மாற்றினாலும் அன்றே தேதியிட்டுப் பட்டியலைத் திருத்த வேண்டும். ஒரு திட்டத்தின் மொத்தச் செலவில் இதற்கு ஆவது சொற்பம். கோடையில் பம்ப் நின்றால் வெளியூர்ப் பொறியாளரின் வருகைக்காக ஓர் ஊரே காத்திருக்கும் நிலையை மாற்ற, இதைவிட மலிவான வழி கிடையாது.