யார் காசு? யார் கை? யார் பேச்சு?

'சமூகத்துக்குன்னு தனியா ஒரு பத்திரிகை எதுக்குங்க? நல்லா எழுதினா பெரிய பத்திரிகையிலேயே போடுவாங்களே!' இந்த உபதேசத்தைக் கேட்காத சிற்றிதழ்க்காரர் உண்டா? உபதேசம் செய்கிறவர் எப்போதும் பெரிய பத்திரிகையின் திண்ணையில் உட்கார்ந்திருப்பவராகத்தான் இருப்பார். அமெரிக்காவில் குடியேறிய ஆசியர்களின் பிள்ளைகள் இதற்கு ஒரு பதிலைச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

1942இல் அமெரிக்க அரசு தன் மண்ணிலேயே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். வெளியே வந்தபின் பலர் பெற்ற பிள்ளைகளிடம்கூட அதைப் பேசவில்லை. 1966இல் நியூயார்க் டைம்ஸ் அதே மக்களை 'வெற்றிக்கதை' என்று புகழ்ந்தது. எதற்காம்? உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்த கறுப்பின மக்களைப் பார்த்து, 'இவங்களைப் பாருங்க, சத்தம் போடாம முன்னேறிட்டாங்க' என்று சொல்லத்தான். அடித்த கையே தட்டிக்கொடுக்கிறது. 'நல்ல பிள்ளை' பட்டம் ஒரு வாய்ப்பூட்டு.

அந்தப் பூட்டை உடைக்க 1969 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து மாணவர்கள் தலைக்கு 100 டாலர் போட்டு ஒரு மாத இதழ் தொடங்கினார்கள். பெயர் 'கிட்ரா'. ஜப்பானியப் படங்களில் காட்ஸில்லாவோடு மோதும் மூன்று தலை ராட்சசனின் பெயர் அது. அதையும் எழுத்துப் பிழையோடுதான் வைத்தார்கள். பிழை அப்படியே நிலைத்தது. நிபந்தனையோடு வரும் நிர்வாகப் பணத்தை நம்பவில்லை. சம்பளம் யாருக்கும் கிடையாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டி ஒட்டி அச்சுக்கு அனுப்பினார்கள்.

என்ன எழுதினார்கள்? 1969 அக்டோபரில் ஏமி உயேமட்சு என்ற பெண், கறுப்பின எழுச்சியிலிருந்து பாடம் கற்று, 'மஞ்சள் அதிகாரம்' பற்றி எழுதினார். 1972 மே இதழின் அட்டையில் ஆலன் டகேமோட்டோ வரைந்த கேலிச்சித்திரம். ஒரு ராணுவ அதிகாரி, ஆசிய முகம் கொண்ட அமெரிக்கச் சிப்பாயிடம் எதிரே நிற்கும் வியட்நாமியரைக் கொல்லச் சொல்கிறான். கொல்கிறவருக்கும் சாகிறவருக்கும் ஒரே வசைச்சொல்! பத்துப் பக்கக் கட்டுரை செய்யாததை அந்த ஒரு படம் செய்தது. இதோடு கவிதையும் போட்டார்கள், கழிவறைக் குழாயை ரிப்பேர் செய்வது எப்படி என்றும் போட்டார்கள். 'தூய இலக்கிய'க்காரர்கள் முகம் சுளிக்கட்டும். வாசகரின் வாழ்க்கையில் எது உண்டோ அது இதழிலும் இருந்தது.

வெளியே புரட்சி பேசிய ஆண்கள் உள்ளே பெண்களை டைப் அடிக்க உட்காரவைப்பது எல்லா இயக்கத்திலும் நடந்த கதைதான். 1971 ஜனவரி இதழைப் பெண்கள் தங்கள் சிறப்பிதழாகவே கொண்டுவந்தார்கள். ஒரு சமூக இதழுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. எதிரியைத் திட்ட இடம் கொடுப்பது சுலபம். நம்மையே கேள்வி கேட்கும் தோழருக்குப் பக்கம் ஒதுக்குவோமா?

ஏனென்றால் 'ஆசியர்' என்பது பெரிய பந்தல். கிட்ராவில் ஜப்பானிய வம்சாவளியினர்தான் அதிகம். இன்று அதே பந்தலுக்குள் நம் துணைக்கண்டத்தார் நிற்கிறார்கள். சாதியும் கூடவே நிற்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் அதுபோன்ற மசோதாவை நிராகரித்தார். வெள்ளையரிடம் 'நாங்களும் ஒடுக்கப்பட்டோர்' என்கிற அண்ணாச்சி, தன் இதழின் ஆசிரியர் குழுவில் யார் யார் என்று எண்ணிப் பார்ப்பாரா?

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. நார்வேயில் 'சுவடுகள்', சுவிட்சர்லாந்தில் 'மனிதம்', ஜெர்மனியில் 'தூண்டில்', பாரிஸில் 'எக்ஸில்'. வேலை முடிந்து வந்து தூக்கத்தை விற்று நடத்திய இதழ்கள் இவை. 'நாம் எல்லாரும் ஒன்று' என்ற முழக்கத்துக்குள் அமுங்கிப்போன குரல்களுக்கு இத்தகைய சின்ன இதழ்களில்தான் இடம் கிடைத்தது.

கிட்ரா 1974 ஏப்ரலில் நின்றது. 'அஞ்சே வருஷம்தானா?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பழைய பிரதிகளைப் பாதுகாத்து வைத்ததால் இன்றைக்கும் எந்த மாணவரும் அவற்றைத் தேடிப் படிக்க முடிகிறது. நம்ம இதழ்கள் எத்தனை கரையான் தின்றுபோயின!

ஆகவே மாணவத் தோழர்களே, இதழ் தொடங்குமுன் மூன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். காசு நம்முடையதா? ஒட்டுகிற கையும் முடிவெடுக்கிற கையும் ஒன்றா? நமக்குள் இருக்கும் சண்டைக்கும் பக்கம் உண்டா? பிரதி ஒன்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அப்புறம் தலைக்கு எவ்வளவு என்று பேசலாம்.