பீர்தானே!

எழுபது வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். நினைத்துக்கொள்ளுங்கள். நான் தினம் குடிப்பவன் இல்லை. தொட்டதே இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். வருடத்துக்கு நாலைந்து முறை, அதுவும் அளவாக. சென்ற முறை கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தபோது சுவைத்துப் பார்த்த ஒரு பீரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து, "மாமா, நீங்க தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு காட்டறேன்" என்றார். மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து குடிப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. என் மாமனார் எதிரில் நான் கால்மேல் கால் போட்டுக்கூட உட்கார்ந்ததில்லை. காலம் மாறிவிட்டது. "கொண்டு வாங்க மாப்பிள்ளை" என்றேன்.

பச்சை லேபிள், நடுவில் சிவப்பு வட்டம். பெயர் 'பிளினி தி எல்டர்'. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, ரஷ்யன் ரிவர் என்ற கம்பெனி இருபது வருடத்துக்கு மேலாகக் காய்ச்சி வருகிறது. பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். நம் முசிறியையும் பாண்டியனையும் குறிப்பிட்டு எழுதிய அதே ரோமானியப் பிளினிதான்! வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பியவர். மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது, இதற்காகவா அவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அலுத்துக்கொண்டவர். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். ஹாப்ஸ் கொடியைப் பற்றி முதலில் எழுதியவர் அவர்தான் என்று சொல்வதால், ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும் இந்த பீருக்கு அவர் பெயர்.

ஹாப்ஸ் என்பது கொடியில் காய்க்கும் ஒரு பச்சைப் பூ. அதற்குள் இருக்கும் மஞ்சள் பிசின்தான் பீருக்குக் கசப்பைத் தருகிறது, சீக்கிரம் கெட்டுப்போகாமலும் காக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கு வந்த பீரில், இதற்காகவே ஹாப்ஸ் அதிகம் போட்டார்கள். அதிலிருந்து வந்த பெயர்தான் இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐ.பி.ஏ. இதுவோ 'டபுள்' ஐ.பி.ஏ. ஹாப்ஸும் கூட, போதையும் கூட. காய்ச்சும்போது போட்டால் கசப்பு இறங்குமாம். ஆறிய பிறகு ஊறப்போட்டால் வாசனை இறங்குமாம். இதில் இரண்டும் உண்டு.

தம்ளரில் ஊற்றியதும் எழுந்த வாசனை என்னைச் சின்ன வயதுக்குக் கொண்டு போய்விட்டது. நாரத்தங்காயைக் கத்தியால் சீவும்போது கைக்கு ஏறும் அந்த மணம். அதற்குப் பின்னால் தேவதாரு மரப்பிசின் போல ஒன்று. வாயில் வைத்ததும் முதலில் லேசான இனிப்பு, பிறகு கசப்பு. அதிலும் இது மருந்துக் கசப்பாக இல்லை. பழைய உப்பு நாரத்தங்காயைத் தயிர் சாதத்துக்குக் கடித்தால் நாக்கின் அடியில் தங்குமே, அந்த மாதிரி. விழுங்கிய பிறகும் நிமிஷக்கணக்கில் நின்றது. நன்றாகவே இருந்தது. "நான் பாகற்காய் ஜூஸ் கொடுத்தா மட்டும் முகத்தைச் சுளிக்கிறீங்க" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் இதை எழுத வைத்தது அந்தச் சுவை மட்டும் இல்லை. லேபிளில் 8 சதவீதம் என்று போட்டிருந்தது. மாப்பிள்ளையிடம் பேப்பரும் பேனாவும் கேட்டேன். பழைய கணக்குப்பிள்ளை புத்தி. பாட்டில் 510 மில்லி. அதில் 8 சதவீதம் என்றால் 40 மில்லிக்குச் சற்று மேல் சுத்த ஆல்கஹால். நம் ஊர் விஸ்கி 30 மில்லி ஒரு ஸ்மாலில் இருப்பது சுமார் 13 மில்லி. ஆக, ஒரு பாட்டில் பீர் மூன்று ஸ்மால்! நம் ஊரில் ஸ்ட்ராங் என்று விற்கும் 650 மில்லி பாட்டில் 8 சதவீதமாக இருந்தால் நான்கு ஸ்மால்.

இந்தக் கணக்கை நான் நாற்பது வருடம் முன்பே போட்டிருக்க வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறையில் ஒரு நண்பன் இருந்தான். ஒரே ஆபீஸ். பிராந்தி, விஸ்கி பக்கமே போகமாட்டான். அதில் அவனுக்குப் பெருமை. தினம் ராத்திரி இரண்டு ஸ்ட்ராங் பீர். கேட்டால், "பீர்தானேடா, பார்லித் தண்ணி" என்பான். நானும் தலையாட்டினேன். எத்தனையோ நாள் நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஈரல் கெட்டு 51 வயதில் போய்விட்டான். அவன் பெண்ணின் கல்யாணத்தில் அப்பா இடத்தில் அவன் தம்பி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியாமல் பந்திக்குக்கூட உட்காராமல் திரும்பினேன்.

ஈரலுக்கு பீர் தெரியாது, பிராந்தி தெரியாது. உள்ளே வந்தது எத்தனை மில்லி என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ருசி நன்றாக இருந்தால், பெயரில் பழைய ரோமானியர் இருந்தால், விலை அதிகமாக இருந்தால் 8 என்பது 5 ஆகிவிடாது. சொல்லப்போனால், ருசியான பீரில்தான் போதை தெரியாமல் ஏறும்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். குடிக்கும் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் வீட்டில் இருந்தால், சண்டை போடாமல் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

அன்று நான் ஒரு சின்னத் தம்ளரோடு நிறுத்திக்கொண்டேன். மாப்பிள்ளை அடுத்த பாட்டிலைத் திறக்கப் போனவர், பேப்பரைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.