பின்சீட்டில் இடமில்லாத ஹைபிரிட்

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியில் ஓடும் வாகனங்களைப் பார்த்தாலே, எது எதற்காக வாங்கியது என்று சொல்லிவிடலாம். வெசல் குடும்பத்துக்கு. வெகன் ஆர் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்க. டொல்பின் வேன் கொழும்பு ஹயருக்கு. அக்குவாவும் ஃபிட்டும் பெற்றோல் கணக்குப் பார்ப்பவர்களுக்கு. இந்த வரிசைக்கு நடுவே எப்போதாவது ஒரு கார் போகும். தரையோடு தாழ்ந்தது, பக்கத்துக்கு ஒரே கதவு, பின்பக்கம் எதிர்பாராத இடத்தில் செங்குத்தாக முடிந்துவிடும். அதுதான் ஹொண்டா சீஆர்-இசட்.

அதை வாங்கி வந்த பிள்ளையிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "உம்மாவ எங்க மகன் ஏத்துற?" என்பதாகத்தான் இருக்கும். அடுத்த கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு லேசில்லை. ஃபிட் மாதிரி ஒரு காரைச் செய்தால் இலட்சக்கணக்கில் விற்கலாம் என்று நன்றாகத் தெரிந்த ஒரு கம்பனி, இப்படியொரு காரை எதற்காகச் செய்தது? செய்துவிட்டு ஆறேழு வருடத்தில் ஏன் கைவிட்டது?

கராஜ்களில் இதற்கு இரண்டு பதில் தயாராக இருக்கும். "ஜப்பான்காரனுக்குக் காசு கூடிப்போச்சு" என்பது ஒன்று. "ஓடல்ல, அதால நிப்பாட்டிட்டான்" என்பது மற்றது. முதலாவது முழுக்கப் பிழை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, மற்றப் பாதிதான் சுவாரசியமானது.

முதலில் காரைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். கதவு நீளமானது, ஒடுங்கிய கடைத்தெருவில் முழுதாகத் திறக்க முடியாது. சீட்டில் உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கும் முச்சக்கரவண்டியின் சில்லு கண்மட்டத்துக்கு வரும். ஸ்பீட் காட்டும் எண்ணைச் சுற்றி ஒளிவளையம் ஒன்று உண்டு. நிதானமாக மிதித்தால் பச்சையாகவும், கூட மிதித்தால் நீலமாகவும், ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் சிவப்பாகவும் மாறும். பின்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். ரிவர்ஸ் எடுக்கும்போது அந்தச் சட்டம் சரியாகப் பார்க்க வேண்டிய இடத்தை மறைக்கும். பின்சீட் இருக்கிறது, ஆனால் அது கைப்பையும் சொப்பிங் பேக்கும் வைக்கத்தான். வளர்ந்த ஆள் உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். அமெரிக்காவுக்குப் போன காரில் ஹொண்டா அந்தப் பாசாங்கையும் விட்டுவிட்டது. சீட் இருந்த இடத்தில் சாமான் வைக்கும் பெட்டி வைத்துக் கொடுத்தது.

இனி எண்கள். 1500 சீசீக்குச் சற்றே குறைந்த இன்ஜின், அதனோடு 10 கிலோவாற் மோட்டார். ஜப்பானின் அன்றைய ஆய்வுகூடச் சோதனையில் லீற்றருக்கு 25 கிலோமீற்றர் காட்டியது. அதே சோதனையில் ஃபிட் ஹைபிரிட் 30ஐயும், டொயோட்டா ப்ரியஸ் 38ஐயும் காட்டின. வேகமாவது உண்டா என்றால், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட ஏறக்குறைய 10 செக்கன். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ள அது போதாது. சிக்கனமும் இல்லை, வேகமும் இல்லை என்று வெளிநாட்டு மோட்டார் சஞ்சிகைகள் எழுதியதில் நியாயம் இருந்தது.

அப்படியானால் கம்பனிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். காரணத்தைப் புரிந்துகொள்ள 2008ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

இந்தக் காரின் மாதிரி 2007 ஒக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டது. அடுத்த ஜூலையில் மசகு எண்ணெய் பீப்பாய்க்கு 147 டொலரைத் தொட்டது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது, உலகம் முழுக்கக் கார் விற்பனை சரிந்தது. டிசம்பரில் ஹொண்டா ஃபோர்மியுலா வன் பந்தயத்தை விட்டு வெளியேறியது. அதே மாதம், என்எஸ்எக்ஸ் என்ற தன் பெரிய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடுத்ததாகத் தயாராகிக்கொண்டிருந்த காரையும் நிறுத்தியது. 2009இல் எஸ்2000 என்ற திறந்த காரின் உற்பத்தியும் முடிந்தது. ஒரு வருடத்துக்குள் ஹொண்டாவின் அடையாளமாக இருந்தவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. சொய்ச்சிரோ ஹொண்டா காலத்திலிருந்து பந்தயத்தோடு பேர் எடுத்த கம்பனியின் கையில் மிஞ்சியவை பெரும்பாலும் குடும்பக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களும்தான்.

சீஆர்-இசட் மட்டும் தப்பியது. விலை குறைவாகச் செய்யக்கூடியது என்பதால் தப்பியது.

ஒரு காரில் பணத்தைத் தின்பது வெளியே தெரியும் தகடு இல்லை. அடித்தளம், இன்ஜின், கியர்பெட்டி, மோதல் சோதனை, பிரேக் முறை ஆகியவற்றைப் புதிதாக உருவாக்குவதில்தான் பெரும் செலவு. ஹொண்டா 2009இல் இன்சைட் ஹைபிரிட்டை வெளியிட்டிருந்தது. அதன் அடித்தளத்தையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான 2550 மில்லிமீற்றரை 2435ஆகக் குறைத்தார்கள். இன்ஜினும் ஃபிட்டுக்கு உறவுதான். நோரியோ டொமோபே தலைமையிலான பொறியியலாளர்கள் புதிதாகச் செய்ததில் பெரும்பகுதி உடம்பு, உள்பக்கம், ஓட்டும் உணர்வு ஆகியவையே. அதனால்தான் ஜப்பானில் மாதம் 1,000 கார் விற்றால் போதும் என்ற சின்ன இலக்கோடு இதைச் சந்தைக்கு விட முடிந்தது. ஃபிட்டுக்கு அப்படியொரு இலக்கு வைத்தால் தொழிற்சாலையை மூட வேண்டியதுதான்.

சரி, செலவு குறைவு. குறைந்த செலவானாலும் ஏன் செய்ய வேண்டும்?

மருதமுனைக் கைத்தறிக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டைக் காப்பாற்றுவது சாரம்தான். ஆனால் கடை முகப்பில் விரித்துத் தொங்குவது கரையில் வேலைப்பாடு நிறைந்த சேலை. அதை வாங்குபவர் சிலரே. அதைப் பார்த்து உள்ளே வந்து சாரம் வாங்கிப் போகிறவர் பலர்.

ஹொண்டாவுக்கு அந்தச் சேலை அவசரமாகத் தேவைப்பட்டது. இன்சைட்டை 18 இலட்சத்து 90 ஆயிரம் யென்னுக்கு விட்டு, 2009 ஏப்ரலில், 660 சீசீ குட்டிக் கார்களை விட்டால், ஜப்பானிலேயே அதிகம் விற்ற காராக அதை ஆக்கியிருந்தார்கள். சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. மே மாதம் டொயோட்டா புதிய ப்ரியஸை 20 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு இறக்கியது. கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் பெரிய கார், கூடிய சிக்கனம். யார் பழையதைப் பார்ப்பார்கள்? சிக்கனத்தில் டொயோட்டாவை வெல்ல முடியாது என்பது அன்றே முடிவாகிவிட்டது. ஆகவே ஹொண்டா பேச்சை மாற்றியது. ஹைபிரிட் என்றால் மிச்சம் பிடிக்கும் வாத்தியாரின் கார் மட்டும்தானா, ஓட்டுகிறவனுக்கு ஆசையாக இருக்கக்கூடாதா? அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆறு கியர் மெனுவல் பெட்டியோடு ஒரு ஹைபிரிட்டைச் செய்தார்கள். உலகில் அதற்கு முன் ஆறு கியர் மெனுவல் வைத்த ஹைபிரிட் விற்பனைக்கு வந்ததில்லை.

இந்தப் பேச்சு எடுபட்டது. 2010 பெப்ரவரி கடைசியில் விற்பனை தொடங்கியபோது ஆரம்ப விலை 22 இலட்சத்து 68 ஆயிரம் யென், இன்சைட்டை விடவும் ப்ரியஸை விடவும் கூட. ஆனாலும் முதல் மாதத்துக்குள் 10,000க்கு மேல் ஓடர் சேர்ந்தது, இலக்கைப் போல் பத்து மடங்கு. அந்த வருடம் ஜப்பானின் சிறந்த கார் விருதும் கிடைத்தது. விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் இவ்வளவு பேச்சை வாங்க முடியாது.

இன்னொரு இலாபம் கணக்குப் புத்தகத்தில் நேராக வராது. மோட்டாரோடு மெனுவல் கியரை இணங்க வைப்பது எப்படி, ஒரே காரை ஒரு பொத்தானில் சோம்பலாகவும் சுறுசுறுப்பாகவும் மாற்றுவது எப்படி என்று பொறியியலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். 2012இல் வந்த ஃபிட் ஹைபிரிட் ஆர்எஸ் மாதிரிக்கு இந்த இன்ஜினும் ஆறு கியர் பெட்டியும் அப்படியே போயின. சின்ன எண்ணிக்கையில் விற்கும் காரில் பரிசோதனை செய்தால் பிழைத்தாலும் நட்டம் சின்னது. இலட்சக்கணக்கில் விற்கும் காரில் பிழைத்தால் திருப்பி அழைத்தே கம்பனி களைத்துவிடும்.

இனி ஆயுள் விஷயம். இப்படியான கார்களுக்கு விற்பனை ஒரே வடிவத்தில்தான் போகும். ஆசைப்பட்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் வாங்கி முடித்துவிடுவார்கள். பிறகு வாங்க ஆளில்லை. குடும்பக் கார் அப்படியில்லை. ஒவ்வொரு வருடமும் யாரோ கல்யாணம் முடிக்கிறார்கள், யாருக்கோ பிள்ளை பிறக்கிறது, பழைய கார் கழிகிறது. இரண்டு பேர் காருக்கு இந்த ஊற்று கிடையாது. விற்பனை வேகமாக ஏறி வேகமாக இறங்கும் என்பது திட்டத்தில் முன்கூட்டியே எழுதப்பட்ட விஷயம்.

ஹொண்டா சும்மா விட்டுவிடவும் இல்லை. 2012இல் நிக்கல் பற்றரிக்குப் பதிலாக லித்தியம் பற்றரியும், 15 கிலோவாற் மோட்டாரும் வைத்துப் புதுப்பித்தது. எங்கள் கராஜ்களில் இசட்எஃப்1, இசட்எஃப்2 என்று பிரித்துச் சொல்வது இந்த முந்தியதையும் பிந்தியதையும்தான். ஆனால் அதற்குள் காலடி மண் நகர்ந்துவிட்டது. இந்தக் காரில் மோட்டார் இன்ஜினோடு ஒட்டியே சுழலும், இன்ஜினுக்குக் கைகொடுப்பதுதான் அதன் வேலை. டொயோட்டாவின் முறையில் மோட்டார் தனியாகவே காரைத் தள்ளும். 2013இல் ஹொண்டாவும் புதிய ஃபிட்டில் பழைய முறையைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. பழைய முறையைச் சுற்றிக் கட்டிய சீஆர்-இசட்டைப் புது முறைக்கு மாற்றுவதென்றால் கிட்டத்தட்டப் புதுக் கார் செய்ய வேண்டும். குறைந்த செலவில் செய்தோம் என்ற நியாயமே அதில் அடிபட்டுப் போகும். இந்த இடத்தில்தான் திட்டம் முடிந்தது என்பது என் கணிப்பு. விற்பனைக் குறைவு அதற்குப் பின்னால் வரும் காரணம்.

போதாக்குறைக்கு 2012இல் டொயோட்டாவும் சுபாருவும் கூட்டுச் சேர்ந்து, செலவைப் பங்குபோட்டு, 86 என்ற உண்மையான ஸ்போர்ட்ஸ் கூபேயை இறக்கின. பின்சில்லு இழுக்கும் கார் அது. ஆசைக்கு வாங்குகிறவன் அங்கே போனான். பிறகு 2015இல் ஹொண்டாவே எஸ்660ஐயும் சிவிக் டைப் ஆரையும் கொண்டுவந்தது, 2016இல் புதிய என்எஸ்எக்ஸ் வந்தது. முகப்பில் தொங்கவிட இப்போது வேறு சேலைகள் இருந்தன. 2016 நடுப்பகுதியில் கடைசிப் பதிப்பு என்று பெயர் போட்டே ஒன்றை விற்றுவிட்டு சீஆர்-இசட்டுக்கு விடைகொடுத்தார்கள்.

இந்த விளையாட்டு எல்லாருக்கும் வாய்க்காது. நிசான் 1991இல் ஃபிகாரோ என்ற பழம்பாணிக் குட்டிக் காரைத் தன் சாதாரண மைக்ராவின் அடித்தளத்தில் செய்து, 20,000 மட்டும் என்று சொல்லி, வாங்குபவர்களைக் குலுக்கலில் தெரிந்தெடுத்தது. கெட்டித்தனம். மஸ்தா மறுபக்கம். நல்ல காலத்தில் விற்பனைக் கிளைகளை ஐந்தாகப் பெருக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கார் வேண்டுமென்று ஏஇசட்-1 என்ற இறக்கை போல் கதவு திறக்கும் 660 சீசீ காரைச் செய்தது. 1992இல் அது வரும்போது ஜப்பானின் நல்ல காலம் முடிந்திருந்தது, விற்பனை ஐயாயிரத்தைக்கூட எட்டவில்லை. ஐரோப்பாவில் ஸ்மார்ட் ரோட்ஸ்டர் 2003இல் வந்து 2005இல் போனது. ஆட்கள் விரும்பித்தான் வாங்கினார்கள். ஆனால் கூரையில் தண்ணீர் ஒழுகி, உத்தரவாதத் திருத்த வேலையிலேயே இலாபம் கரைந்தது.

எங்கள் கரைக்கு சீஆர்-இசட் வந்ததற்கும் ஹொண்டாவின் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கே வரி இன்ஜினின் சீசீயைப் பார்க்கும். 2010களின் தொடக்கத்தில் ஹைபிரிட் என்ற பெயருக்கே சலுகையும் இருந்தது. குடும்பத்துக்கு இன்சைட்டும் ஃபிட்டும் எந்த வாசலால் வந்தனவோ, அதே வாசலால் இந்தக் காரும் வந்தது. சுங்கத்துக்கு ஆசை, அவசியம் என்ற வித்தியாசம் தெரியாது, 1500க்குக் கீழே ஹைபிரிட் என்றால் ஹைபிரிட்தான். பெரிய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கட்ட வேண்டிய வரியை நினைத்துப் பார்க்கவும் முடியாதவர்களுக்கு, அந்த வடிவத்தில் கைக்கெட்டும் ஒரே கார் இதுவாக இருந்தது. ஜப்பானில் ஹொண்டா போட்ட கணக்கை இலங்கையில் வரிப் பட்டியல் வேறு விதமாக வாசித்தது என்று சொல்லலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய விதி இடம் தராது. உற்பத்தி நின்றே பல வருடமாகிறது, அதற்குள் 2020இலிருந்து 2025 வரை இறக்குமதித் தடையும் வந்துபோனது. ஆகவே நாட்டில் இருப்பதுதான் கணக்கு, புதிதாக வராது. இன்ஜின் பக்கம் பயப்பட வேண்டியதில்லை, ஃபிட், இன்சைட் தெரிந்த கராஜ் பாஸ்மார் எல்லாரும் கை வைப்பார்கள். இசட்எஃப்1இல் நிக்கல் பற்றரியின் வயதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது சோர்ந்தாலும் கார் ஓடும், ஆனால் மோட்டாரின் கை இல்லாமல் 1500 சீசீ தனியாக இழுக்கும். சிக்கல் உடம்பில்தான். முன் பம்பர், நீளக் கதவு, இரண்டு துண்டுப் பின்கண்ணாடி ஆகியவை வேறெந்தக் காரிலிருந்தும் பொருந்தாது. பொத்துவில் வீதியில் மாடு குறுக்கே வந்து முன்பக்கம் உடைந்தால், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குக் கோல் எடுத்து, யாராவது ஒரு சீஆர்-இசட்டை உடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.