குழந்தைப் பவுடர்: அஸ்பெஸ்டஸ் சர்ச்சை மறைத்த ஆபத்து

குழந்தை பிறந்த வீட்டுக்கு நாம் கொண்டுசெல்லும் பரிசுப் பெட்டியில் சவர்க்காரம், கொலோன், பவுடர் மூன்றும் பெரும்பாலும் இருக்கும். இவற்றில் பவுடர்தான் கடந்த சில ஆண்டுகளாக உலகெங்கும் கேள்விக்குள்ளாகி வருகிறது.

பவுடரின் மூலப்பொருளான டல்க், நிலத்திலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் கனிமம். அதன் படிவுகளுக்கு அருகிலேயே அஸ்பெஸ்டஸும் காணப்படக்கூடும். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தின் டல்க்கில் சில வேளைகளில் சிறிதளவு அஸ்பெஸ்டஸ் இருந்ததை அந்நிறுவனம் பல தசாப்தங்களாக அறிந்திருந்தது என 2018 டிசம்பரில் ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. 2019 தொடக்கத்தில் இலங்கையும் இறக்குமதியை இடைநிறுத்தி, பரிசோதனை அறிக்கை கோரியது. 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டல்க் பவுடர் விற்பனையை நிறுத்திய நிறுவனம், 2023இல் உலகெங்கும் நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. 2024 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் அதிகமுள்ள பொருட்களின் பட்டியலில் டல்க்கைச் சேர்த்தது.

இந்தச் சர்ச்சையின் சத்தத்தில் எளிமையான ஓர் ஆபத்து மறைந்துவிட்டதாகவே நான் கருதுகிறேன். பவுடர் ஒரு நுண்தூள். தட்டும்போது காற்றில் எழும் தூளைக் குழந்தை சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம். அதற்கு அஸ்பெஸ்டஸ் தேவையில்லை. சிறுவர் வைத்திய நிபுணர்கள் இதை நீண்டகாலமாகவே எச்சரித்து வருகிறார்கள். சோளமாவும் தூள்தான் என்பதால், மூலப்பொருள் மாறியதால் மட்டும் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டல்க் பவுடரில் 'குழந்தையின் மூக்குக்கும் வாய்க்கும் எட்டாமல் வைத்திருங்கள்' என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். நம் கடைகளில் நான் எடுத்துப் பார்த்த சில பேணிகளில், உள்ளடக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அதை வாசிக்க முடியாத தாய்க்கு, முன்பக்கத்தில் சிரிக்கும் குழந்தையின் படம் மட்டுமே தகவல்.

குளிப்பாட்டிய பின் கழுத்து, அக்குள், தொடை மடிப்புகளை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தினாலே போதும். பவுடர் போட்டே ஆகவேண்டும் என்றால், குழந்தையின் முகத்துக்குத் தூரமாக வைத்து, சிறிதளவைக் கையில் கொட்டித் தடவுங்கள். முகத்தில் பூசவே வேண்டாம். பேணியை விளையாடக் கொடுக்கவும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். அந்த ஒற்றை எச்சரிக்கை வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வைப்பது அரசின் பொறுப்பு. அதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.