மச்சுக்கு ஏணி கேட்டால் ஆடம்பரமா?



'வீட்டுக்குள்ளே மடக்கு ஏணியா? காசு கொழுத்துப் போச்சா?' என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்காதவர்கள் பாக்கியில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்களுடையது கும்பகோணத்தில் மாமனாரின் அப்பா காலத்து ஓட்டு வீடு. கூடத்துக்கு மேலே பலகை அடித்த மச்சு. அந்தக் காலத்தில் நெல் மூட்டை அடுக்கினார்களாம். இப்போது கொலு பொம்மைப் பெட்டி, அண்டா, தவலை, விருந்தாளிக்கான பாய், தலையணை எல்லாம் அங்கேதான். ஏறுவதற்கு ஒரு மூங்கில் ஏணி. கொல்லையில் கிடக்கும் அதை இரண்டு பேராகத் தூக்கி வந்து சாய்க்க வேண்டும்.

2021-ம் வருடம் புரட்டாசி மாதம். கொலு வைக்க இரண்டே நாள் இருந்தது. பொம்மைப் பெட்டியை இறக்கித் தரச் சொல்லி என் கணவரிடம் ஒரு வாரமாகச் சொல்லிக் கொண்டிருந்தேன். 'ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்' என்பதுதான் பதில். பொறுத்துப் பார்த்த என் மாமியார், 'நீ ஏணியைப் பிடிச்சுக்கோம்மா, நான் ஏறிக்கறேன்' என்று ஏறிவிட்டார். அப்போதுதான் துடைத்த சிமெண்ட் தரை. அடியில் ரப்பர் இல்லாத ஏணி. என் கையை மீறி வழுக்கிவிட்டது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியில் டாக்டர், 'மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு பலவீனமாகும். சின்ன விழுக்காடுகூட முறிவில் கொண்டு விடும்' என்றார். வீட்டுக்கு வந்ததும் ஆண்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்று: 'பொம்பளைங்களுக்கு ஏன் இந்த வேலை? எங்களைக் கூப்பிடக் கூடாதா?' கூப்பிட்டோமே! ஒரு வாரம் கூப்பிட்டோமே!

அன்றைக்கே முடிவு செய்தேன். மறு வருடம் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், நகைக் கடைக்குப் போகாமல் அலுமினியப் பட்டறைக்குப் போனேன். மச்சு வாசலிலேயே பொருத்தி, கொக்கிக் கம்பால் இழுத்தால் இறங்குகிற மாதிரி, மூன்றாக மடியும் ஏணி செய்யச் சொன்னேன். பாரம் தெரியாமல் ஏறி இறங்க இரண்டு பக்கமும் ஸ்பிரிங்.

பட்டறைக்காரர் அளவெல்லாம் என் கணவரிடம்தான் கேட்டார். 'படிக்குப் படி ஒன்றரை அடி விட்டா செலவு குறையும் சார்' என்றார். நான் குறுக்கிட்டு, 'புடவை கட்டிக்கிட்டு ஏறப் போறவ நான். ஒரு அடிக்கு மேலே வேண்டாம். உருட்டுக் கம்பியும் வேண்டாம், பாதம் பதியற மாதிரி தட்டைப் படி வையுங்க. ஒரு பக்கம் கைப்பிடி வேணும்' என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் நோட்டில் எழுதிக் கொண்டார்.

கூரை 9 அடி உயரம் என்பதால் ஏணியின் கால் 3 அடி தள்ளி ஊன்றும்படி வைத்தோம். பழைய பலகையில் ஆணி அடித்தால் தாங்காது என்று, இரண்டு உத்தரத்திலும் துளை போட்டு போல்ட் முடுக்கினார்கள். 'உத்தரத்திலே ஓட்டை போடறீங்களே' என்று மாமியார் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்த வருடம் நவராத்திரிக்கு நானே ஏணியை இறக்கி, நானே ஏறி, பெட்டியிலிருந்து பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மாமியார் கீழே நின்று வாங்கிக் கொண்டார். யாரையும் கெஞ்சவில்லை. யாருடைய ஞாயிற்றுக்கிழமைக்கும் காத்திருக்கவில்லை. வந்தவர்களிடம், 'எங்க வீட்டு ஏணியைப் பார்த்தீங்களா?' என்று முதலில் காட்டியது யார் தெரியுமா? என் மாமியார்தான்!

எல்லா வீட்டிலும் மச்சு இருக்காது. ஆனால் பரண் இல்லாத வீடு உண்டா? ஏழடி உயரத்தில் பரண் கட்டுகிற கொத்தனாரும் சரி, கட்டச் சொல்கிற வீட்டுக்காரரும் சரி, அதில் யார் ஏறுவார்கள், எப்படி ஏறுவார்கள் என்று யோசிப்பதில்லை. கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் முக்காலி என்று நாம் சர்க்கஸ் செய்கிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் காலில் ரப்பர் போட்ட மடக்குப் படி ஒன்றாவது வாங்குங்கள். சாய்க்கிற ஏணி என்றால் நாலடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி வையுங்கள். ஈரத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். எங்களைப் போல மடக்கு ஏணி வைத்தால் அவ்வப்போது போல்ட்டை முடுக்கிப் பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கொக்கிக் கம்பை எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.

மிக்ஸி பழுதானால் அன்றைக்கே ரிப்பேருக்குக் கொடுக்கிறோம். நம் கை கால் பழுதாகாமல் இருக்க ஒரு ஏணி கேட்டால் மட்டும் அது ஆடம்பரமா? எனக்கு ஆன செலவு 9,000 ரூபாய். மாமியாரின் மாவுக்கட்டுக்கும் மருந்துக்கும் அதைவிட அதிகம் ஆனது.

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.