டோக்கியோ ஸ்டோரியும் எர்ணாவூர் வீடும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஆபீஸ் ஆணியெல்லாம் புடுங்கி முடிச்சிட்டு, ரொம்ப நாளா பார்க்கணும்னு வெச்சிருந்த 'டோக்கியோ ஸ்டோரி'யைப் போட்டேன். யசுஜிரோ ஓசு இயக்கி 1953-ல வந்த ஜப்பான் படம். கறுப்பு வெள்ளை, ரெண்டேகால் மணி நேரம். சண்டை கிடையாது, திருப்பம் கிடையாது, கேமரா கூட தரையோட தரையா உக்காந்த இடத்தை விட்டு அநேகமா நகராது. பாதியில தூங்கிடுவேன்னு நினைச்சுதான் உக்காந்தேன். ஆனா நடுவுல ஒரு இடத்துல படத்தை நிறுத்திட்டு பால்கனியில போய் நிக்க வேண்டியதாயிடுச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

கதை ரொம்பச் சின்னது. ஓனோமிச்சின்னு ஒரு துறைமுக ஊர். அங்கேர்ந்து வயசான அப்பா அம்மா, சுமார் 700 கி.மீ. தள்ளி டோக்கியோவுல இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க ரயில்ல வர்றாங்க. பெரிய பையன் டாக்டர். ஞாயித்துக்கிழமை ஊர் சுத்திக் காட்டக் கிளம்பறப்போ ஒரு நோயாளி வீட்டுலேர்ந்து அவசரமா கூப்பிடறாங்க, பயணம் ரத்து. பொண்ணு ப்யூட்டி பார்லர் வெச்சிருக்கா, அவளுக்கும் நேரமில்லை. கடைசியில ரெண்டு பேரும் காசு போட்டு, பெத்தவங்களை அட்டாமிங்கற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பி வெச்சிடறாங்க. நல்ல ஓட்டல், கடல் பார்த்த ரூம். ஆனா ராத்திரி பூரா பக்கத்துல கூத்தும் கும்மாளமும். தூக்கமே இல்லாம ரெண்டு பேரும் மறுநாள் திரும்பி வந்துடறாங்க. போர்ல செத்துப் போன இன்னொரு பையனோட மனைவி நோரிகோ மட்டும்தான் ஒரு நாள் லீவு போட்டு இவங்களை பஸ்ல ஊர் சுத்திக் காட்டறா. ஊர் திரும்பற வழியிலேயே அம்மாவுக்கு முடியாம போயி, வீட்டுக்குப் போன கொஞ்ச நாள்ல இறந்துடறாங்க. அவ்ளோதான்.

நான் நிறுத்தின இடம் அந்த அட்டாமி சீன்.

எங்க வீடு எர்ணாவூர்ல. நைனா துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நானும் என் மனைவியும் சோழிங்கநல்லூர்ல, வாடகை ஃப்ளாட். 2023 டிசம்பர் ஞாபகம் இருக்கா? மாசத் தொடக்கத்துல மிக்ஜாம் புயல், அந்த வெள்ளத்தோட எண்ணெய்க் கசிவு, எங்க ஏரியாவுல சுவரெல்லாம் கறுப்புக் கறை. அது காயறதுக்குள்ள 26-ஆம் தேதி நடுராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற குழாய்லேர்ந்து அம்மோனியா கசிஞ்சது. கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல்னு நிறைய பேரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மறுநாள் காலையிலேயே நான் கார் புக் பண்ணி நைனாவையும் அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டேன். என்னை மாதிரி பிள்ளை உண்டான்னு எனக்கே ஒரு பெருமை :-)

மூணு நாள் நல்லாத்தான் போச்சு. நாலாவது நாள்லேர்ந்து உரசல். எனக்கு வருஷக் கடைசி சப்போர்ட், காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கால். ஹால்ல டிவி சத்தம் வெச்சா நான் முறைப்பேன். நைனா டிவியை ம்யூட்ல வெச்சுப் பார்க்க ஆரம்பிச்சாரு. அம்மா கிச்சன்ல பாத்திரத்தைச் சத்தம் வராம வைக்கப் பழகிட்டாங்க. உடனே எனக்கு ஒரு 'ஐடியா' வந்துச்சு. மாமல்லபுரத்துல கடற்கரையோரம் ஒரு ஓட்டல்ல ரெண்டு நாள் ரூம் போட்டுக் கொடுத்தேன். "நல்லா ரெஸ்ட் எடுங்க நைனா"ன்னு வழியனுப்பி வெச்சேன். அன்னிக்கு டிசம்பர் 31. விடிய விடிய நியூ இயர் டிஜே. காலையில போன் வந்துச்சு. "ரூம் சூப்பரா கீதுப்பா. நாங்க அப்டியே எர்ணாவூருக்கே பஸ் ஏறிட்டோம். உன் வேலையப் பாரு." குரல்ல கோபமே இல்லை. எனக்கும் அப்போ எதுவும் தோணலை. ஏதோ ஒரு டிக்கெட் க்ளோஸ் ஆன மாதிரி நிம்மதியாத்தான் இருந்துச்சு.

ஓசு படத்துல அந்த ரெண்டு பேரும் கடலோரச் சுவர்மேல உக்காந்து, சரி ஊருக்குப் போயிடலாமான்னு பேசிக்கிறப்போதான் எனக்கு உறைச்சுது.

நம்ம பக்கம் இந்த விஷயத்தைப் படமா எடுத்தா பெரும்பாலும் என்ன பண்றோம்? பிள்ளைகளை வில்லனாக்கிடறோம், இல்லேன்னா மருமகளை. 1970-ல வந்த 'வியட்நாம் வீடு'லேர்ந்து இன்னிக்கு வாட்ஸப்ல சுத்தற முதியோர் இல்லக் கதை வரைக்கும் அதே ஃபார்முலா. பார்க்கறவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'நல்லவேளை நான் அப்படி இல்லை'ன்னு எழுந்து போயிடலாம். ஓசு அந்த வசதியைத் தர மாட்டேங்கறாரு. டாக்டர் பையன் நோயாளியைப் பார்க்கப் போனது தப்பா? பார்லர்க்காரப் பொண்ணு கஞ்சம்தான், சாவு முடிஞ்ச கையோட அம்மாவோட கிமோனோவைக் கேட்கறவதான். ஆனா அம்மா போனதும் வாய்விட்டு அழறதும் அவதான். பெத்தவங்களும் தியாகச் செம்மல்கள் இல்லை. பையன் பெரிய டாக்டரா இருப்பான்னு நினைச்சோமே, இப்படி ஊர்க்கோடியில இருக்கானேன்னு அவங்களுக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஏமாத்தம். நோரிகோவே கூட, நீங்க நினைக்கிற அளவுக்கு நான் நல்லவ இல்லைன்னு மாமனார்கிட்ட சொல்லிடறா.

தமிழ்ல இதுக்குப் பக்கத்துல வர்றது எனக்குத் தெரிஞ்சு பாலு மகேந்திராவோட 'சந்தியா ராகம்' (1989). மனைவியை இழந்து கிராமத்துலேர்ந்து சென்னைக்கு வர்ற பெரியவரா சொக்கலிங்க பாகவதர். உறவுக்காரப் பையன் வீடு, அர்ச்சனாதான் அந்த வீட்டுப் பொண்ணு. யாரும் கெட்டவங்க இல்லை. வீடு சின்னது, சம்பளம் பத்தலை. பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போறாரு. அதுல தட்டுப்பாடு காசுக்கும் இடத்துக்கும். ஆனா என் விஷயத்துல காசு, இடம் ரெண்டுமே பிரச்சனை இல்லை. அதான் எனக்கு டோக்கியோ கதை இன்னும் அதிகமா சுட்டுது.

சட்டம் இருக்கேன்னு சொல்வாங்க. 2007-ல வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்துல மனு கொடுத்தா மாசம் 10,000 ரூபா வரைக்கும் வாங்கித் தர வழி இருக்கு. பார்த்துக்கணும்னு நிபந்தனை போட்டு எழுதிக் கொடுத்த வீட்டை, பிள்ளை பார்த்துக்கலைன்னா ரத்து பண்ணலாம். நிஜமாவே கைவிடப்பட்டவங்களுக்கு அது கண்டிப்பா வேணும். ஆனா மாசாமாசம் ஜிபேல பணம் அனுப்பிட்டு, ம்யூட்ல டிவி பார்க்க வைக்கிற என்னை எந்தச் சட்டத்துல பிடிப்பீங்க?

என் நைனா காலத்துல துறைமுகம், விம்கோ தீப்பெட்டி, என்ஃபீல்ட், லேலண்ட்னு வேலை பக்கத்துலேயே இருந்துச்சு. ஷிப்ட் முடிஞ்சு வந்தா அதே தெருவுல அம்மா அப்பா. நாங்க இன்ஜினியரிங் படிச்சோம், வேலை ஓஎம்ஆர்ல. ஒரே சென்னைதான், ஆனா வடக்குக் கோடியிலேர்ந்து தெற்குக் கோடிக்கு ரெண்டு மணி நேரம். ஓனோமிச்சியும் டோக்கியோவும் நம்ம ஊருக்குள்ளயே இருக்கு. அதனால 'அந்த வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்க'ன்னு நான் ஒரு வருஷமா அவங்களை நச்சரிச்சிட்டு இருந்தேன். புகை, கசிவுன்னு அதுக்கு நியாயமான காரணமும் இருக்கு. ஆனா யோசிச்சுப் பார்த்தா, பாதி காரணம் எனக்கு அலைச்சல் மிச்சம். வடிவுடையம்மன் கோயில் வெள்ளிக்கிழமை, காசிமேட்டு மீனு, டீக்கடை சேக்காளிங்க, இதையெல்லாம் விட்டுட்டு எட்டாவது மாடியில வந்து அவரு என்ன பண்ணுவாரு? எனக்குச் சத்தம் வராம வாழணும், அவ்ளோதானே?

அதனால என் கருத்து இதுதான். 'கூட வெச்சுக்கறதா, முதியோர் இல்லமா'ன்னு பட்டிமன்றம் வைக்கிறதை விட்டுட்டு, நேரத்தைப் பத்திப் பேசலாம். நோரிகோகிட்ட இருந்தது ஒரே ரூம், சாக்கேயைக் கூட பக்கத்து வீட்டுல கடன் வாங்கித்தான் ஊத்தறா. அவ கொடுத்தது ஒரு நாள். இப்போ வெள்ளிக்கிழமை எனக்கு வீட்டுலேர்ந்து வேலை. நான் வியாழன் ராத்திரியே மெட்ரோ பிடிச்சு விம்கோ நகர்ல இறங்கிடறேன். எல்லா வாரமும் முடியலை, பொய் சொல்லலை. நெட் சுமார்தான். கால்ல இருக்கிறப்போ டிவி சத்தமாத்தான் ஓடும், நான் ஹெட்போன் மாட்டிக்கறேன்.

போன வாரம் அங்க இந்தப் படத்தை லேப்டாப்புல போட்டுக் காட்டினேன். "இன்னாடா படம் இது, எல்லாரும் உக்காந்துனே கீறாங்க"ன்னு நைனா இருபதாவது நிமிஷம் குறட்டை :-) அம்மா மட்டும் சப்டைட்டில் புரியாமலே கடைசி வரைக்கும் பார்த்தாங்க. "அந்தப் பொண்ணு மருமகளா? புருஷன் இல்லியா? பாவம், சின்ன வயசுதானே, அதுக்கு வேற ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிருக்கலாம்"னாங்க.

படத்துல அந்த மாமியாரும் நோரிகோகிட்ட அதையேதான் சொல்றாங்க. நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.