மரம் நட்டால் புகை போய்விடுமா?

விமானப் பயணி டிக்கெட் வாங்குகிறார். "இன்னும் கொஞ்சம் பணம் கொடுங்கள். உங்கள் பயணத்தின் புகைக்கு ஈடாக மரம் நடுகிறோம்" என்று கம்பெனி கேட்கிறது. கொடுப்பவர்கள் சிலர்தான்.

மற்றவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. அவர்களுக்கு நம்பிக்கை இல்லை!

அந்தச் சந்தேகம் நியாயமானது என்பதை ஹாலந்து நாட்டில் நடந்த ஒரு வழக்கு காட்டிவிட்டது.

விளம்பரமும் வழக்கும்

கே.எல்.எம். என்பது 1919-ல் தோன்றிய ஹாலந்து விமானக் கம்பெனி. "பொறுப்போடு பறங்கள்" என்று 2019-ல் அது விளம்பரம் செய்தது. "ரெயிலில் போகக்கூடாதா?" என்றுகூடக் கேட்டது. கடைக்காரரே "வேறு கடைக்குப் போங்களேன்" என்று சொன்னதுபோல் இருந்தது!

பின்னால் வந்த விளம்பரங்கள் மீது ஒரு சங்கத்தார் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச் 20-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 19 வாசகங்களில் 15 தவறான எண்ணத்தை உண்டாக்குபவை என்றது. மரம் நடுவதாலும் புதிய எரிபொருளாலும் கேடு சிறிதளவே குறைகிறது; விளம்பரமோ மிகைப்படுத்துகிறது என்பது கோர்ட்டின் கருத்து. அந்த வாசகங்களைக் கம்பெனி முன்னமே நிறுத்திவிட்டதால் தடை விதிக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள்

விமானம் ஒரு கிலோ எண்ணெயை எரித்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வருகிறது. எண்ணெயில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராண வாயுவோடு சேர்வதால் எடை கூடுகிறது. புகை இன்றே மேலே போய்விடும். இன்று நட்ட கன்று அதை உறிஞ்சப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் காடு தீப்பிடித்தால்?

புதிய எரிபொருள் நல்லதுதான். பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்துகூட அதைச் செய்கிறார்கள். ஆனால், 2024-ல் உலக விமானங்கள் எரித்த ஆயிரம் லிட்டரில் சுமார் மூன்று லிட்டர்தான் அது. விலையும் அதிகம்.

உள்ள முயற்சியை உள்ளபடி சொல்லியிருந்தால், பயணிகள் இவ்வளவு தூரம் விலகிப் போயிருக்க மாட்டார்கள். 2025 நவம்பரில் 21 கம்பெனிகள் ஐரோப்பிய அதிகாரிகளிடம் வாக்குக் கொடுத்தன: "கூடுதல் பணம் கட்டினால் உங்கள் பயணத்தின் புகைக்கு ஈடாகிவிடும் என்று இனிச் சொல்லமாட்டோம்."

இதற்கிடையே சட்டமும் வந்துவிட்டது. 2025 முதல் ஐரோப்பிய விமான நிலையங்களில் நிரப்பும் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு புதிய எரிபொருள் இருக்க வேண்டும். 2030-ல் அது ஆறு பங்கு ஆகும். இத்தகைய செலவுக்காக ஜெர்மனியின் லுப்தான்சா கம்பெனி, பயண வழிக்கும் கட்டணத்துக்கும் தக்கபடி 1 யூரோ முதல் 72 யூரோ வரை டிக்கெட்டில் சேர்த்துவிட்டது. இதைக் கட்டமாட்டேன் என்று பயணி சொல்ல முடியாது.